வாயகலமும் காற்றளவும்: பழைய அமெரிக்க டிரக்குகளில் கார்புரேட்டர் அளவின் வரலாறு

1967 முதல் 1972 வரை ஷெவ்ரோலே நிறுவனம் விற்ற சி-10 பிக்கப் டிரக்குகள், அமெரிக்காவில் இன்று பெருவிருப்பத்துடன் மீட்டெடுக்கப்படும் பழைய வாகனங்களுள் முன்வரிசையில் இருப்பவை. பண்ணையிலும் கட்டுமானக் களத்திலும் உழைத்து ஓய்ந்த ஒரு டிரக்கை வாங்கி, துருவை வெட்டி எடுத்து, 350 கன அங்குல வி-8 எஞ்சினைப் பிரித்துத் திரும்பக் கட்டி, வேகத்துக்கேற்ற கேம்ஷாஃப்டும் அலுமினிய மேனிஃபோல்டும் பொருத்தி முடித்த ஒருவருக்கு இறுதியில் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும்: அதன்மேல் எந்த அளவு கார்புரேட்டரை வைப்பது? கடையில் 600, 650, 750, 850 என்று எண்கள் வரிசையாக இருக்கும். பலரின் கை பெரிய எண்ணை நோக்கியே நீளும். அப்படிப் பொருத்திய டிரக் முழுவேகத்தில் ஒருவேளை சற்று முந்தக்கூடும். ஊருக்குள் சிக்னலில் நின்று கிளம்பும்போது தடுமாறும், திணறும், பெட்ரோலைத் தேவைக்கு மேல் குடிக்கும், கரும்புகை விடும்.

இதைப் பேராசை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கார்புரேட்டரின் ‘அளவு’ என்ற சொல் கடந்த நூறாண்டுகளில் ஒரே பொருளைச் சுட்டி வந்ததில்லை. முதலில் அது ஒரு துளையின் அகலத்தைச் சுட்டியது. பிறகு, ஒரு குறிப்பிட்ட நிபந்தனையின்கீழ் அத்துளை வழியே செல்லும் காற்றின் அளவைச் சுட்டியது. அதன்பின் நிபந்தனை பேச்சிலிருந்து உதிர்ந்துபோய், எண் மட்டும் ஆற்றலின் பெயராக நின்றுவிட்டது. பழைய டிரக்குகளின் உரிமையாளர்கள் செய்யும் தவற்றின் வேர் இந்தப் பொருள்மாற்றத்தில்தான் இருக்கிறது.

கார்புரேட்டர் என்ற சொல்லே பெட்ரோல் வாகனத்துக்கு முற்பட்டது. ‘கார்பூரெட்’ என்பது கரிமத்தோடு கூடிய சேர்மத்தைக் குறித்த பழைய வேதியியல் சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெருவிளக்குகளும் வீட்டு விளக்குகளும் நிலக்கரி வாயுவால் எரிந்தபோது, சுடர் பிரகாசமாக இருக்கும்பொருட்டு அவ்வாயுவில் ஹைட்ரோகார்பன் ஆவியைச் சேர்த்த கருவிக்கு அச்சொல் வழங்கியது. விளக்கிலிருந்து வண்டிக்கு அது இடம்பெயர்ந்தபோது கருவியின் இயல்பும் உடன் வந்தது. 1886ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் வாகனத்தில், எரிபொருளின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியைக் காற்று அள்ளிச் சென்றது. 1893ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மாய்பாக்கும், ஹங்கேரியில் டோனாத் பான்கி, யானோஷ் சோங்கா ஆகிய இருவரும் எரிபொருளை நுண்துளை வழியே காற்றோட்டத்தில் தெளிக்கும் முறையை வகுத்தனர். பின்வந்த கார்புரேட்டர்கள் யாவும் அந்தத் தெளிப்பு முறையின் வழிவந்தவையே.

அதன் இயற்பியல் இன்னும் பழையது. ஓடும் திரவம் குறுகலான இடத்தைக் கடக்கையில் அங்கே அழுத்தம் குறைகிறது என்பதை இத்தாலிய இயற்பியலாளர் ஜோவன்னி பத்திஸ்தா வெஞ்சுரி 1797இல் பாரிசில் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டியது. அவருடைய பெயரே அந்தக் குறுகலான தொண்டைக்கு நிலைத்துவிட்டது. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று கார்புரேட்டர் வழியே உறிஞ்சப்படுகிறது. வெஞ்சுரியில் அக்காற்று விரைகிறது, அழுத்தம் குறைகிறது, மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வெளியழுத்தம் ஜெட் வழியே அத்தொண்டைக்குள் தள்ளுகிறது. இங்கே மறக்கக் கூடாத ஒன்று உண்டு. அழுத்தக் குறைவு காற்றின் வேகத்தைப் போல அல்லாமல், வேகத்தின் இருமடியாக வளர்கிறது. வேகம் பாதியானால் பெட்ரோலை இழுக்கும் விசை கால்பங்காகிவிடும். கார்புரேட்டருக்குக் கண்ணோ கணக்கோ கிடையாது. தன் தொண்டையில் ஓடும் காற்றின் விரைவு ஒன்றைக் கொண்டே எஞ்சினின் தேவையை அது உணர்கிறது. தொண்டையை அகலமாக்கினால் அந்த உணர்வு மழுங்குகிறது.

தொண்டையைக் குறிக்கும் சொற்களிலும் ஒரு குழப்பம் உண்டு. பிரிட்டனில் ‘சோக்’ என்பது வெஞ்சுரிக் குறுகலின் பெயர். இரட்டைக் குழல் கொண்ட கார்புரேட்டரை அங்கே இரட்டைச் சோக் என்பார்கள். அமெரிக்காவிலோ அதே சொல், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது காற்றை அடைக்கும் தகட்டுக்கு ஆகிவந்தது. குளிர்காலக் காலைகளில் ஸ்கூட்டரின் சோக்கை இழுத்து வைத்துக் கிக்கரை உதைத்த இந்தியர்களின் சோக் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அமெரிக்கர்கள் ‘பேரல்’ என்று சொல்வது துப்பாக்கியின் குழலை ஒத்த பொருளில். பீப்பாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை.

அளவு என்பது அகலமாக இருந்த காலத்துக்கு மிகச் சிறந்த சான்று ஸ்ட்ராம்பெர்க் 97. ஹென்றி ஃபோர்டு 1932இல் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் 221 கன அங்குல வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தார். 1930களின் நடுப்பகுதியில் அந்த எஞ்சின்மீது அமர்ந்த ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரின் வெஞ்சுரி 0.97 அங்குல அகலம் கொண்டது; அதனால் அது 97 ஆனது. ஃபோர்டின் சிறிய வி-8க்கு வந்த அதன் தம்பி, 0.81 அங்குல வெஞ்சுரியோடு 81 ஆனது. பெயரே அளவு. அளவுகோலை எடுத்து யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். தென் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வண்டி ஓட்டிய இளைஞர்கள் ஆற்றலைக் கூட்ட விரும்பியபோது, பெரிய கார்புரேட்டரைத் தேடவில்லை. இன்னொரு 97ஐச் சேர்த்தார்கள். விக் எடெல்பிராக் 1938இல் வடித்த ‘ஸ்லிங்ஷாட்’ மேனிஃபோல்டு இரண்டு கார்புரேட்டர்களைத் தாங்குவதற்காகவே உருவானது. ஐரோப்பாவும் ஜப்பானும் இந்தப் பழைய வழக்கை விடவே இல்லை. வெபர் 40 என்றால் த்ராட்டில் குழலின் அகலம் 40 மில்லிமீட்டர். மிக்குனியின் எண்களும் அவ்வாறே.

அமெரிக்கா மட்டும் வேறு பாதையில் சென்றதற்குக் காரணம் நான்கு குழல் கார்புரேட்டர். 1952ஆம் ஆண்டு மாடல்களில் பியூக், கேடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் ஆகியவை அதை ஏற்றன. சாதாரண ஓட்டத்தில் இரண்டு முதன்மைக் குழல்கள் மட்டும் வேலை செய்யும். முழு ஆற்றல் வேண்டும்போது இரண்டு துணைக் குழல்கள் திறக்கும். ஓர் உடலுக்குள் இரண்டு சுபாவங்கள். முதன்மைக் குழலுக்கு ஓர் அகலம், துணைக் குழலுக்கு வேறு அகலம் என்று வந்தபின், எந்த அகலத்தைச் சொல்லி அதை அழைப்பது? மொத்தமாக எவ்வளவு காற்றை விடுகிறது என்று சொல்வதே வசதியாயிற்று. ஆகவே நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற கணக்கு வந்தது. வழக்கில் அது சி.எஃப்.எம். என்று சுருங்கியது.

ஆனால் ஒரு துளை எவ்வளவு காற்றை விடும் என்பது துளையை மட்டும் பொறுத்ததன்று; மறுபுறம் எவ்வளவு விசையோடு இழுக்கிறோம் என்பதையும் பொறுத்தது. எனவே சோதனை மேசையில் இழுப்பு விசைக்கு ஒரு மரபு தேவைப்பட்டது. நான்கு குழல் கார்புரேட்டர்களை 1.5 பாதரச அங்குல அழுத்த வேறுபாட்டிலும், ஒற்றை, இரட்டைக் குழல் கார்புரேட்டர்களை 3.0 பாதரச அங்குலத்திலும் அளப்பது தொழில் வழக்காயிற்று. காற்றோட்டம் அழுத்த வேறுபாட்டின் இருமடி மூலத்தைப் பின்பற்றுவதால், இவ்விரு மரபுகளுக்கும் இடையே 1.414 மடங்கு வேறுபாடு இருக்கிறது. ஹாலி நிறுவனம் 500 என்று விற்கும் இரட்டைக் குழல் கார்புரேட்டரை நான்கு குழலின் மரபில் அளந்தால் ஏறக்குறைய 354தான் வரும். இரண்டு பெட்டிகளிலும் ஒரே அலகு அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே பொருளைச் சொல்லவில்லை. பெட்டியில் எண் மட்டும் பெரிதாக இருந்தது; 1.5உம் 3.0உம் பொறியாளர்களின் மேசையிலேயே தங்கிவிட்டன.

ஜார்ஜ் ஹாலி, ஏர்ல் ஹாலி என்னும் சகோதரர்கள் தொடங்கிய அந்த நிறுவனம் ஃபோர்டு மாடல் டி காலத்திலிருந்தே கார்புரேட்டர் செய்துவந்தது. அதன் 4150 வகை 1957இல் ஃபோர்டு தண்டர்பேர்டில் அறிமுகமாயிற்று. அதே ஆண்டில் செயிண்ட் லூயிஸ் நகரின் கார்ட்டர் நிறுவனம் அலுமினிய உடல் கொண்ட ஏ.எஃப்.பி.யைக் கொண்டுவந்தது. 1960களின் இறுதியில் நிலைமை வேறாகிவிட்டது. தொழிற்சாலைகள் ஒரு குறிப்பிட்ட எஞ்சினுக்கென்று கேட்டு வாங்கிய கார்புரேட்டர்கள், இப்போது எந்த எஞ்சினுக்கும் என்று கடை அலமாரிக்கு வந்தன. ஹாலியின் 3310 என்ற பட்டியல் எண் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1965இல் ஷெவ்ரோலே செவெல் காரின் 396 கன அங்குல எஞ்சினுக்காக 780 சி.எஃப்.எம். அளவில் உருவானது அது. பின்னர் 750 என்ற அளவோடு அனைவருக்குமான சரக்காயிற்று. பிறந்த எஞ்சினின் நினைவு போய், எண் மட்டும் பயணம் செய்தது.

எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கணக்கிடுவது அத்தனை கடினமன்று. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவை உறிஞ்சுகிறது. ஒரு கன அடியில் 1728 கன அங்குலம். ஆகவே கன அங்குலக் கொள்ளளவை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 3456ஆல் வகுத்தால் சி.எஃப்.எம். கிடைக்கும். சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதில்லை என்பதால் விடையை 0.80, 0.85 போன்ற ஒரு விகிதத்தால் பெருக்க வேண்டும். நம் டிரக்கின் 350 எஞ்சின் 5000 சுற்றில் 80 விழுக்காடு நிரம்புகிறது என்று கொண்டால் விடை 405. நல்ல கேம்ஷாஃப்டும் சீர்செய்த சிலிண்டர் தலைகளும் இருந்து, 5500 சுற்றில் 85 விழுக்காடு என்றால் 473. இதே எஞ்சினை 6000 சுற்றுக்கு விரட்டி, சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதாகக் கற்பனை செய்தாலும் 608ஐத் தாண்டுவதில்லை. 750 என்ற எண் எங்கே வருகிறது?

கணக்கை இன்னும் ஓர் அடி கொண்டுபோனால் விவகாரம் தெளிவாகும். 405 கன அடி காற்று 600 கார்புரேட்டரைக் கடக்கையில் ஏற்படும் அழுத்த இழப்பு சுமார் 0.68 பாதரச அங்குலம். 750இல் அது 0.44. வேறுபாடு கால் அங்குலத்துக்கும் குறைவு. வளிமண்டல அழுத்தமோ ஏறக்குறைய 30 அங்குலம். ஆகவே பெரிய கார்புரேட்டர் சிலிண்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காற்று ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதுவும் ஆக்சிலரேட்டரை முற்றிலும் மிதித்து 5000 சுற்றில் ஓடும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். மறுபக்கம் இழப்பதைப் பார்க்கலாம். தொண்டைகளின் பரப்பு 600க்கும் 750க்கும் உள்ள விகிதத்தில் கூடுகிறது என்று கொண்டால், அதே காற்றோட்டத்தில் பெட்ரோலை இழுக்கும் விசை தோராயமாக 36 விழுக்காடு குறைகிறது. இந்த இழப்பு எல்லா வேகத்திலும் உண்டு; குறைந்த வேகத்தில்தான் அது வலிக்கும்.

டிரக் வாழ்வது அந்தக் குறைந்த வேகத்தில். 3.73 விகிதப் பின்னச்சும் 29 அங்குல டயரும் கொண்ட ஒரு சி-10 மணிக்கு 60 மைல் செல்லும்போது, நேரடி கியரில் எஞ்சின் 2600 சுற்றில்தான் ஓடுகிறது. அவ்விடத்தில் ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தாலும் அது உறிஞ்சும் காற்று 210 கன அடி அளவே. மிதிக்காமல் சீராகச் செல்லும்போது அதிலும் சிறு பகுதி. இதே காலத்து ஷெவ்ரோலே டிரக்குகளில் எஸ்.எம். 465 என்ற நான்கு வேகக் கியர்பாக்ஸ் பரவலாக இருந்தது. அதன் முதல் கியரின் விகிதம் 6.55. அமெரிக்க வழக்கில் அதைப் ‘பாட்டி கியர்’ என்பார்கள். சுமையோடு மேட்டில் கிளம்பவும், வயலில் நடைவேகத்தில் ஊர்ந்து செல்லவும் அமைந்தது அது. பாட்டி கியர் வைத்த வண்டியின் தலையில் பந்தயக் கார்புரேட்டரை ஏற்றுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். 1967 முதல் 1969 வரை ஷெவ்ரோலே கமேரோ இசட்-28 காரில் 302 கன அங்குல எஞ்சின்மீது தொழிற்சாலையே 780 சி.எஃப்.எம். ஹாலியை வைத்து விற்றதே? அந்த எஞ்சின் 7000 சுற்றில் முழுமையாக நிரம்பினாலும் அதன் தேவை 612தான். பொறியாளர்கள் கணக்கு அறியாதவர்களா? விடை துணைக் குழல்கள் திறக்கும் முறையில் இருக்கிறது. அந்தக் கார்புரேட்டரில் துணைக் குழல்களைக் காற்றின் வெற்றிடமே ஒரு டயாஃப்ரம் மூலம் திறந்தது. எஞ்சின் கேட்கும் அளவுக்கு மேல் அவை திறப்பதில்லை. 780 என்பது அங்கே ஓர் உச்சவரம்பு. எஞ்சின் அதைத் தொட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. அதே 1960களின் இறுதியில் வந்த ‘டபுள் பம்பர்’ வகையில் துணைக் குழல்களைத் திறப்பது ஓட்டுநரின் கால். எஞ்சின் தயாராக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. திடீரென்று நான்கு குழல்களும் திறக்கையில் காற்றின் வேகம் சரிந்து, கலவை நீர்த்துவிடும் என்பதால், அவ்விடைவெளியை நிரப்பவே இரண்டாவது ஆக்சிலரேட்டர் பம்ப் அதில் சேர்க்கப்பட்டது. எடை குறைந்த, உயர்ந்த சுற்றில் நிற்கும் பந்தய வண்டிக்கு அது பொருந்தும். ஆக, 750 என்ற ஒரே எண்ணின்கீழ் இரு வேறு நடத்தைகள் விற்கப்பட்டன. எண்ணை மட்டும் கேட்டு வாங்கியவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

ஜெனரல் மோட்டார்ஸின் ரோச்செஸ்டர் பிரிவு 1965ஐ ஒட்டிக் கொண்டுவந்த குவாட்ராஜெட், இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த மிக நுட்பமான விடைகளில் ஒன்று. அதன் முதன்மைக் குழல்கள் 1⅜ அங்குலம். துணைக் குழல்கள் 2¼ அங்குலம். பரப்பில் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. அன்றாட ஓட்டத்தில் சிறிய தொண்டையின் கூர்மையான உணர்வு கிடைக்கிறது. துணைக் குழல்களின் மேலே உள்ள காற்றுத் தகடு, எஞ்சினின் இழுப்புக்கு ஏற்ப மெல்லத் திறக்கிறது. 750 சி.எஃப்.எம். விடக்கூடிய இக்கருவி அமைதியான குடும்பக் கார்களிலும், வேகக் கார்களிலும், டிரக்குகளிலும் ஒருசேர அமர முடிந்ததற்கு இதுவே காரணம். 1967 மாடலிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை, கார்வெட் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, பல கார்புரேட்டர் அமைப்புகளை நிறுத்தியபோது, போண்டியாக் ஜி.டி.ஓ.வின் மூன்று கார்புரேட்டர்களின் இடத்தில் ஒரு குவாட்ராஜெட் வந்து அமர்ந்தது. ஆனால் கடைத்தெரு அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘குவாட்ராஜங்க்’. அதைச் சரிசெய்யப் பொறுமையும் அறிவும் தேவைப்பட்டன. கழற்றி வீசிவிட்டு ஹாலி ஒன்றைப் பொருத்துவது சுலபமாக இருந்தது. பழைய டிரக்கை மீட்டெடுப்பவர்கள் பலர் இன்றும் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். ஒரு கருவியைப் பற்றிய நியாயமற்ற தீர்ப்பு ஒரு சொல்விளையாட்டின் பலத்திலேயே அரை நூற்றாண்டு நிலைத்திருப்பது வியப்புக்குரியது.

எண்ணும் அது அளக்கப்பட்ட நிபந்தனையும் பிரிந்துபோன இன்னொரு நிகழ்வும் இதே காலத்தைச் சேர்ந்தது. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் குதிரைத்திறனை மொத்த அளவில் அறிவித்தன: விசிறி, காற்று வடிகட்டி, வண்டியின் சைலன்சர் போன்ற சுமைகள் ஏதுமின்றி மேசைமேல் ஓடிய எஞ்சினின் அளவு அது. 1972 மாடல்களில் நிகர அளவு வந்தது. வண்டியில் அமர்ந்த நிலையில் எஞ்சின் தருவதே அந்த எண். ஒரே எஞ்சினின் எண் ஓராண்டில் கணிசமாகக் குறைந்ததைக் கண்ட பொதுமக்கள், எஞ்சின்களே ஒரே இரவில் நலிந்துவிட்டதாக நம்பினர். அழுத்த விகிதம் குறைக்கப்பட்டதால் உண்மையான இழப்பும் இருந்தது; ஆனால் அதைவிடப் பெரியதாக எண் தோன்றியது. இழந்ததாகக் கருதிய ஆற்றலை மீட்கப் பெரிய கார்புரேட்டரை நாடியவர்கள், ஒரு நிபந்தனையற்ற எண்ணால் ஏற்பட்ட ஏமாற்றத்தை இன்னொரு நிபந்தனையற்ற எண்ணால் தீர்க்க முயன்றார்கள் எனலாம்.

இதற்குள் தவறான கலவையின் விலையை ஓட்டுநர் மட்டும் கொடுக்கவில்லை என்பது தெரியவந்திருந்தது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆரி ஹாகன்-ஸ்மிட், வாகனங்களிலிருந்து எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்தே லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கண்ணெரிக்கும் புகைமூட்டம் உண்டாகிறது என்பதை 1950களின் தொடக்கத்திலேயே நிறுவினார். 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1975 மாடல்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தது. மொத்த எடை 6000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரக்குகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. இன்று உலகறிந்த ஃபோர்டு எஃப்-150 அந்த வரம்பைச் சற்றே தாண்டும்படி 1975இல் உருவாக்கப்பட்ட வண்டி. சட்டத்தின் ஓர் எண் ஒரு டிரக்கைப் பெற்றெடுத்தது.

அதே இடைவெளியில் நுழைந்ததே டாட்ஜ் நிறுவனத்தின் 1978ஆம் ஆண்டு லில் ரெட் எக்ஸ்பிரஸ். சிவப்பு வண்ணம், மரப் பலகைகள், ஓட்டுநர் அறைக்குப் பின்னால் லாரியைப் போல நிமிர்ந்து நிற்கும் இரண்டு புகைக்குழாய்கள். 360 கன அங்குல எஞ்சின் 225 நிகரக் குதிரைத்திறன் தந்தது. கார் அண்ட் டிரைவர் இதழ் சோதித்தபோது, மணிக்கு 100 மைலை எட்டுவதில் அது அப்போதைய அமெரிக்கக் கார்களையே முந்தியது. அதன்மேல் தொழிற்சாலை எதை வைத்தது என்பது கவனத்துக்குரியது. கார்ட்டரின் தெர்மோ-குவாட்: சிறிய முதன்மைக் குழல்கள், மிகப் பெரிய துணைக் குழல்கள், இழுப்புக்கேற்பத் திறக்கும் காற்றுத் தகடு, பெட்ரோலைச் சூடேறாமல் காக்கும் பினாலிக் பிசின் உடல். குவாட்ராஜெட்டின் தத்துவமே வேறொரு உடையில். அக்காலத்தின் அதிவேக டிரக்கைக் கட்டியவர்கள், ஒரு டிரக்கின் அன்றாட நடையை விட்டுக்கொடுக்காமலேயே அந்த வேகத்தை எட்டினார்கள்.

அதன்பின் நீண்ட கதை இல்லை. 1987இல் ஷெவ்ரோலே தன் இலகுரக டிரக்குகளின் வி-8 எஞ்சின்களுக்கு எரிபொருள் தெளிப்பானைக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கச் சந்தையிலிருந்து கார்புரேட்டர் மறைந்தது. காற்றை உணர்கருவி அளந்து, கணினி பெட்ரோலைத் தீர்மானிக்கும் எஞ்சினில் தொண்டையின் அகலம் அந்தப் பழைய முக்கியத்துவத்தை இழந்துவிட்டது. எனவே கேள்வி இப்போது மீட்டெடுப்பவர்களின் கொட்டகைகளில் மட்டும் வாழ்கிறது. அங்கே அது பழையதைவிடக் கூர்மையாகவே இருக்கிறது, காரணம் கேம்ஷாஃப்ட். உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் அதிகமான கேம்ஷாஃப்ட், குறைந்த சுற்றில் மேனிஃபோல்டின் வெற்றிடத்தைக் குலைக்கிறது. ஏற்கெனவே தளர்ந்த இழுப்பின்மேல் அகன்ற தொண்டையையும் வைத்தால் தடுமாற்றம் இருமடங்காகும். அப்போது பலர் செய்வது ஜெட்டைப் பெரிதாக்கிக் கலவையைச் செறிவாக்குவது. தடுமாற்றம் மறையக்கூடும், ஆனால் மிகுதியான பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, புதிதாகப் பொருத்திய பிஸ்டன் வளையங்களைத் தேய்க்கும். ஆயிரக்கணக்கான டாலர் செலவிட்ட எஞ்சின், ஒரு தவறான எண்ணால் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது.

சரிபார்க்க எளிய வழி ஒன்று பழைய மெக்கானிக்குகளிடம் இருந்தது. அதற்குப் பட்டியலும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். மேனிஃபோல்டில் வெற்றிடமானி ஒன்றை இணைத்து, அதன் முகத்தை ஓட்டுநர் பார்க்கும்படி வைத்து, ஆளில்லாத சாலையில் ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து எஞ்சினின் உச்சச் சுற்றுவரை கொண்டுபோக வேண்டும். அவ்விடத்தில் முள் 1.5 அங்குலத்தைத் தாண்டி நின்றால் கார்புரேட்டர் எஞ்சினின் மூச்சை அடைக்கிறது; பெரியது தேவை. முள் பூச்சியத்தில் ஒட்டிக்கிடந்தால் தொண்டை தேவைக்கு மேல் அகன்றிருக்கிறது. பெட்டியிலிருந்து காணாமல் போன அந்த நிபந்தனை இங்கே மானியின் முகத்தில் திரும்பி வருகிறது. மேலே கணக்கிட்ட 350 எஞ்சின் கொண்ட சி-10இல் 600 அளவுள்ள சாதாரண ஹாலியை வைத்து இச்சோதனையைச் செய்தால், கணக்கின்படி முள் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். மாற்ற வேண்டியது எதுவுமில்லை.